ஆப்பர்ச்சூனிட்டி கார்டில் ஜெர்மனி போகிறேன்: எந்த ஊர், எப்படி வேலை தேடுவது, யாரோடு பழகுவது?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். வயது 31. பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் ஆறு வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வார்ப்பு உள்ளே வரும்போது சோதனை, மெஷினிங் முடிந்ததும் அளவு பார்ப்பது, டெஸ்ட் பெட்டில் ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியேறும் நீரளவு) எடுப்பது என்று மூன்று இடத்திலும் இருந்திருக்கிறேன். ஜெர்மன் ஏ2 தேர்வு முடித்தாயிற்று. திருமணமாகிவிட்டது, குழந்தை இல்லை.

ஜெர்மனியில் ஒரு வருடம் தங்கி வேலை தேட அனுமதிக்கும் ஆப்பர்ச்சூனிட்டி கார்டுக்கு (சான்சன்கார்டே) விண்ணப்பிக்க நினைக்கிறேன். கேள்விகள்:

கார்டுக்குக் கேட்கும் ஆறு புள்ளி எனக்குச் சரியாக வருகிறது. அது போதுமா, இல்லை இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா? ஊர் எது? எல்லோரும் பெர்லின் என்கிறார்கள், அங்கே ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாம் என்று. கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

கடைசியாக ஒன்று. ஒரு வருடம் தனியாக இருக்க வேண்டியிருக்கும். வேலை தேடும் காலத்தில் பேச ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது. நம்மவர்களோடு மட்டும் இருந்துவிடவும் விருப்பமில்லை, நம்மவர்களே இல்லாமலும் முடியாது. அங்கே மனிதர்களோடு பழகுவதற்கு வழி என்ன?

---

மூன்றாம்மாடி:

காகித வேலையை மட்டும் நான் சொல்கிறேன்.

புள்ளிக் கணக்குக்குள் போகும் முன், வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜெர்மனியில் என்ன மதிப்பு என்று காட்டும் அனபின் தரவுத்தளத்தைப் பாருங்கள். பட்டத்தில் அச்சாகியிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, அதற்கு நேரே 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு படிப்புகளுக்கான தனிப் பகுதியில் உங்கள் பட்டத்தைத் தேடுங்கள். 'எண்ட்ஷ்ப்ரிஷ்ட்' அல்லது 'க்ளைஷ்வெர்டிஷ்' என்று வந்தால் உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகரானது. இரண்டும் சரியாக இருந்தால் நீங்கள் முழு அங்கீகாரம் பெற்ற திறன்பணியாளர், புள்ளிகளே தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் பி.டி.எஃப் எடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். பட்டம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் சாப் எனப்படும் மத்திய அலுவலகத்தில் மதிப்பீட்டுச் சான்று வாங்கலாம். கட்டணம் 208 யூரோ.

புள்ளி வழியில்தான் போக வேண்டியிருந்தால்: 35 வயதுக்குள் என்பதற்கு 2, கடந்த ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு 3, ஏ2 மொழிக்கு 1. இந்த ஆறுதான் நீங்கள் போட்ட கணக்கு என்று நினைக்கிறேன். பி1 முடித்தால் மொழிக்கு 2 ஆகும், பி2 என்றால் 3. ஆங்கிலத்தில் சி1 சான்று இருந்தால் இன்னும் ஒன்று. சரியாக ஆறோடு விண்ணப்பித்தால் அனுபவக் கடிதத்தில் ஒரு தேதி தெளிவில்லாமல் போனாலும் மொத்தமும் விழுந்துவிடும். ஏழாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மொழிச் சான்று கோய்தே, டெல்க், ஓ.எஸ்.டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வாக இருக்க வேண்டும். டியூஷன் சென்டர் தரும் சான்றிதழ் செல்லாது. கோவையிலேயே கோய்தே சென்ட்ரும் இருக்கிறது.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட் பலவற்றில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். ஜெர்மனியில் எந்தப் படிவத்திலும் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டமும் கட்டாயம். காலியாக விட்டால் வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் ஒரு மாதிரி, வரி அலுவலகத்தில் இன்னொரு மாதிரி பதிவாகி, மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். விசாவுக்குப் போகும் முன் பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிவிடுங்கள். பட்டத்தில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்தும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் நோட்டரியிடம் வாங்கி வையுங்கள்.

பணம். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, ஆண்டுக்கு 13,092 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் (மாதம் ஒரு பகுதியை மட்டும் விடுவிக்கும் கணக்கில்) இருக்க வேண்டும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலும் 13 லட்சத்தைத் தாண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். உங்கள் கணக்கில் அது 60 ஆயிரத்துக்கு மேல் வரும். வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் பயணத்துக்குப் பணம் தேவைப்படும் நேரத்தில் அது முடங்கிக் கிடக்கும். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று இரண்டு நிதியாண்டில் பிரித்து அனுப்பினால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள்.

அந்த 1,091 மாதாமாதம்தான் கைக்கு வரும், அதுவும் அங்கே நடப்புக் கணக்கு திறந்த பிறகு. வீட்டு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, முதல் சில வாரம் தங்கும் செலவு இதற்கெல்லாம் வெளியே 2,500 யூரோவாவது தனியாக வேண்டும்.

விண்ணப்பம் ஆன்லைனில் தூதரகச் சேவைப் போர்ட்டல் வழியாக. விசாவின் தொடக்கத் தேதியை நீங்களே குறிப்பிட வேண்டும். அச்சாகும் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு ஓடும், நீங்கள் இறங்கும் நாளிலிருந்து அல்ல. வேலையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று இருந்தால் அதற்கேற்பத் தேதி போடுங்கள்.

---

அளவுகோல்:

பெர்லின் உங்களுக்கான ஊர் இல்லை.

ஆங்கிலம் போதும் என்று சொல்பவர்கள் மென்பொருள் வேலையை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். தரக் கட்டுப்பாட்டில் நீங்கள் பேச வேண்டியது லேத் ஓட்டுபவரிடமும் ஃபவுண்டரி சப்ளையரிடமும். வரைபடத்தின் ஓரக் குறிப்பு, குறை அறிக்கை, ஷிஃப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போகும் விஷயம் எல்லாம் ஜெர்மனில்தான் நடக்கும். ஆகவே பி1 முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். ஏ2-வோடு போனால் கார்டின் முதல் ஐந்தாறு மாதம் மொழி வகுப்பிலேயே கரையும். அந்த மாதங்களைக் கோவையில், சம்பளம் வாங்கிக்கொண்டே செலவழிக்கலாம்.

ஊரை உங்கள் தொழிலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பம்ப் தயாரிக்கும் வில்லோவின் தலைமையகம் டோர்ட்முண்டில். கே.எஸ்.பி பிராங்கன்தாலில், மான்ஹைமுக்குப் பக்கத்தில். நெட்ஷ் பம்ப்ஸ் பவேரியாவில் வால்ட்கிரைபுர்க், லேவா ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே லியோன்பெர்க், ஆல்வைலர் தெற்கே ராடோல்ஃப்சேல். இந்தப் பெரிய பெயர்களோடு நிற்காதீர்கள். இவர்களுக்கு வார்ப்பு, ஷாஃப்ட், மெக்கானிக்கல் சீல், மோட்டார் கொடுக்கும் நடுத்தரக் கம்பெனிகளில்தான் போட்டி குறைவு. அவர்கள் ஆங்கிலத்தில் விளம்பரம் போட மாட்டார்கள். ஃபெடரல் வேலை முகமையின் தளத்திலும் ஸ்டெப்ஸ்டோனிலும் 'குவாலிடேட்ஸிக்கருங்' (தர உறுதி), 'க்ரைசல்பும்ப்பே' (மையவிலக்கு பம்ப்), 'ப்ரூஃப்ஷ்டாண்ட்' (டெஸ்ட் பெட்) என்று ஜெர்மன் சொல்லைப் போட்டுத் தேடினால்தான் கண்ணில் படும்.

ஒரு ஊர் சொல்லச் சொன்னால் டோர்ட்முண்ட். காரணம், அது தனி ஊர் மாதிரி இல்லை. போஹும், எஸ்ஸன், டூயிஸ்புர்க் எல்லாம் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. வீட்டை மாற்றாமல் நான்கைந்து ஊர்களில் வேலை தேடலாம். வாடகை மியூனிக், ஸ்டுட்கார்ட்டைவிடக் கணிசமாகக் குறைவு. டொய்ச்லாண்ட் டிக்கெட் 2025-ல் மாதம் 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க எல்லா வட்டார ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும், ஐ.சி.இ, ஐ.சி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. நேர்முகத்துக்கு அலையும் காலத்தில் அது பெரிய சேமிப்பு.

இனி விண்ணப்பம். லேபன்ஸ்லாஃப் (சுயவிவரம்) இரண்டு பக்கம், புதியது மேலே, மாதம்/வருடம் இடைவெளி இல்லாமல். மூன்று மாதம் காலியாக இருந்தால் அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். 'தர மேம்பாட்டில் ஆர்வமுள்ளவர்' போன்ற வரிகளை எடுத்துவிட்டு, எந்த நெறிமுறையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். டெஸ்ட் பெட் அனுபவம் என்றால் பம்ப் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 9906 எந்த கிரேடில், எத்தனை கிலோவாட் வரை. வார்ப்புச் சோதனை என்றால் ஈ.என். 10204-ன் 3.1 சான்றிதழை (உலோகப் பொருளின் சோதனைச் சான்றை) சரிபார்த்தீர்களா. அளவு என்றால் சி.எம்.எம் (அளவெடுக்கும் இயந்திரம்) எந்த மேக், நிரல் எழுதுவீர்களா அல்லது ஓட்டுவது மட்டுமா. 8டி அறிக்கை (குறைதீர்ப்பு), எஃப்.எம்.ஈ.ஏ (பழுது வாய்ப்பு ஆய்வு), எம்.எஸ்.ஏ (அளவீட்டு முறை ஆய்வு) நீங்களே செய்ததா, குழுவில் இருந்ததா. ஏ.பி.ஐ. 610 பம்ப் தொட்டிருந்தால் அதை மேலேயே போடுங்கள். பெட்ரோலிய ஆலைகளுக்குப் பம்ப் செய்கிறவர்கள் முதலில் தேடும் சொல் அது.

அனுபவக் கடிதத்தில் நம் ஊரில் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நடத்தை நன்று' என்று இரண்டு வரி இருக்கும். ஜெர்மனியில் கேட்பது ஆர்பைட்ஸ்சோய்க்னிஸ்: என்னென்ன பொறுப்பு, எந்த இயந்திரம், எத்தனை பேரை மேற்பார்த்தார், வேலையின் தரம் எப்படி, ஏன் விலகுகிறார். அந்த வடிவில் ஒரு பக்கம் நீங்களே எழுதிக்கொண்டுபோய் மேலாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள், முன்னாலேயே பேசி வையுங்கள்.

காலம். அங்கே ஊழியர்களுக்கே மூன்று மாத நோட்டீஸ் சாதாரணம், அதனால் ஆள் எடுப்பதும் நிதானமாகத்தான் நடக்கும். விண்ணப்பித்ததிலிருந்து ஒப்பந்தம் வரை இரண்டு மூன்று மாதம் எடுத்தால் அதைத் தாமதம் என்று நினைக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் முடிவெடுப்பவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். டிசம்பர் 20-க்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை யாரும் பதில் போட மாட்டார்கள். ஜனவரி நடுவிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போய் இறங்குவது புத்திசாலித்தனம். கார்டில் ஒரு கம்பெனிக்கு இரண்டு வாரம் வரை சோதனை வேலை செய்ய அனுமதி உண்டு. நேர்முகத்தில் தயங்குகிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே அதைச் சொல்லுங்கள், 'ப்ரோபஆர்பைட்டுக்குத் தயார்' என்று. உங்கள் மாதிரிக் கைவேலை தெரிந்தவருக்கு அது பேச்சைவிடச் சாதகம்.

சம்பளம் பேசும்போது ஒரு எண் நினைவில் இருக்கட்டும். பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு 2025-ல் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 48,300 யூரோ. இன்ஜினியர்கள் பற்றாக்குறைத் தொழிலில் வருவதால் அந்த ஆண்டு 43,759.80 போதுமானதாக இருந்தது. ஜனவரிதோறும் இது உயரும், கையெழுத்திடும் ஆண்டின் எண்ணைப் பாருங்கள். அதைவிடக் குறைவாகத்தான் தருவோம் என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. பட்டதாரித் திறன்பணியாளருக்கு 18பி என்ற தனி அனுமதி இருக்கிறது, அதில் உங்கள் வயதுக்குக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. ஆனால் அந்த ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாகத் தரும் சம்பளத்துக்குக் குறையக் கூடாது.

எச்சரிக்கை ஒன்று. முதல் மாதமே உங்களைத் தேடி அழைப்பவர்கள் பெரும்பாலும் ஆள் அனுப்பும் ஏஜென்சிகளாக இருப்பார்கள். ஒப்பந்தத்தில் 'லைஆர்பைட்' அல்லது 'ஆர்பைட்னேமர்யூபர்லாசுங்' என்ற சொல் இருந்தால் நில்லுங்கள். வேலை முகமையின் ஒப்புதல் தேவைப்படும் அனுமதிகளில், ஏஜென்சி வேறு கம்பெனிக்கு அனுப்பும் தொழிலாளிக்கு ஒப்புதல் மறுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. 18பி-யும் குறைந்த வரம்பில் வரும் ப்ளூ கார்டும் இதற்குள் அடங்கும். கையெழுத்துப் போட்டு, காத்திருந்து, மூன்று மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வாங்கினால் கார்டின் கால்வாசி போய்விடும்.

---

நொய்யல்கரை:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இருவருக்கும் மிக்க நன்றி. அனபினில் பார்த்தேன், இரண்டும் சரியாக இருக்கிறது. பி1 வகுப்புக்கு இன்றே பெயர் கொடுக்கிறேன்.

இன்னும் மூன்று: அறையை இங்கிருந்தே பிடிக்கலாமா? வேலை தேடும்போது டெலிவரி மாதிரிப் பகுதிநேர வேலை பார்க்கலாமா? மனைவி கணக்குப் பிரிவில் இருக்கிறார், அவரை எப்போது அழைத்துக்கொள்ள முடியும்?

---

வடலி:

தம்பி, டோர்ட்முண்ட் எண்டு முடிவெடுத்தால் அறையையும் ஆக்களையும் பற்றி நான் சொல்லுறன்.

இஞ்ச எல்லாமே விலாசத்திலதான் தொடங்கும். வீட்டில குடிவந்து இரண்டு கிழமைக்குள்ள நகரசபையில பதியவேணும், அதைத்தான் அன்மெல்டுங் எண்டுறது. பதியிறதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' எண்ட படிவம் வேணும். விடுமுறைக்கு விடுற அறையளும் ஹோட்டலும் பெரும்பாலும் அதைத் தராது. அதனால அறை பார்க்கேக்க முதற்கேள்வி வாடகை இல்லை, 'பதியலாமோ' எண்டதுதான். பதிஞ்சால்தான் வரி இலக்கம் தபாலில வரும், இரண்டு தொடக்கம் நாலு கிழமை எடுக்கும். அந்த இலக்கம் இல்லாமல் சம்பளம் போட்டால் ஆறாம் வகுப்பில வரி வெட்டுவினம், அதுதான் ஆகக்கூடின வெட்டு.

தபால்பெட்டியில உங்கட பெயரை ஒட்டுங்கோ. அறை எடுத்த அண்டைக்கே. இஞ்ச தபால்காரர் வீட்டு இலக்கத்தைப் பார்க்கிறேல்லை, பெட்டியில இருக்கிற பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லையெண்டால் வங்கி அட்டை, வரி இலக்கம், நேர்முகக் கடிதம் எல்லாம் திரும்பிப் போயிடும். வேற ஒருதரிட்ட அறை எடுத்தால் அவையின்ர பெயருக்குக் கீழ உங்கட குடும்பப் பெயரை, கடவுச்சீட்டில இருக்கிற மாதிரியே எழுதி ஒட்டவேணும்.

இந்தியாவில இருந்துகொண்டு அறைக்குக் காசு அனுப்பாதேங்கோ. 'நான் லண்டனில நிக்கிறன், முற்பணம் போட்டால் திறப்பைக் கூரியரில அனுப்புவன்' எண்டு எழுதினால் அது களவு, நூறுக்கு நூறு. முதல் ஒரு மாதத்துக்கு 'ட்ஸ்விஷன்மீட்டே' எடுங்கோ. ஒருதர் வெளியில போகேக்க தன்ர அறையைத் தளபாடத்தோட விடுறது. அதிலயும் பதியலாமோ எண்டு கேட்டு, வீடியோவில அறையைச் சுத்திக் காட்டச் சொல்லி எடுக்கலாம். நிரந்தர அறையை வந்து நேரில பார்த்துத்தான் எடுக்கவேணும். வைப்புக்காசு மூண்டு மாத வெறும் வாடகைக்கு மேல கேட்க ஏலாது, அதையும் மூண்டு தவணையாகக் கட்டச் சட்டம் விடுது. 'கால்ட்' எண்டால் வெறும் வாடகை, 'வார்ம்' எண்டால் சூடாக்கிறதும் தண்ணியும் சேர்த்து. கரண்ட் அனேகமாக இரண்டிலயும் இல்லை. முழு வீடாக எடுத்தால் குசினி இருக்கோ எண்டு கேளுங்கோ. சிங்க், அடுப்பு ஒண்டும் இல்லாமல் வெறும் சுவரும் குழாயுமாக விடுற வீடுகள் கனக்க.

இனி ஆக்கள். தமிழ் ஆக்கள் கிடைக்கிறது டோர்ட்முண்டில பிரச்சினை இல்லை. இந்தப் பக்கம் இலங்கையில இருந்து வந்த எங்கட சனம் எண்பதுகளில இருந்தே இருக்குது. கடையள் இருக்கு, சனிக்கிழமைகளில பிள்ளையளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்குது. பக்கத்து ஊர் ஹம்மில காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல குடமுழுக்கு நடந்தது. டோர்ட்முண்டில இருந்து ரயிலில அரை மணித்தியாலத்துக்குள்ள ஹம், அங்கயிருந்து ஊன்ட்ரொப்புக்கு பஸ். கோடையில தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். சும்மா கும்பிட்டுப் போட்டு வந்தால் ஒருதரையும் தெரியவராது. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட, பாத்திரம் கழுவ நிண்டால் பின்னேரத்துக்குள்ள பத்துப்பேரின்ர பெயர் தெரிஞ்சிருக்கும். எங்கட ஆக்களில கனபேர் தொழிற்சாலையளில இருபது முப்பது வருசமாக வேலை செய்யினம். எந்தக் கொம்பனியில ஆள் எடுக்கினம் எண்டு விளம்பரத்துக்கு முதலே அவைக்குத் தெரியும். ஆனால் உங்கட பட்டத்துக்கான வேலையை எடுத்துத் தருவினம் எண்டு எதிர்பார்க்க வேண்டாம். தகவல் வரும், அந்தளவுதான்.

டொச் (ஜேர்மன்) ஆக்களோட சிநேகிதம் பிடிக்கிறது வேற மாதிரி. அவை வழியில கண்டு கதைச்சுச் சிநேகிதமாகிறது குறைவு. ஒரே கிழமை நாள், ஒரே நேரம், ஒரே இடம் எண்டு மூண்டு நாலு மாதம் போனால்தான் பழகுவினம். அதுக்குத்தான் இஞ்ச ஃபெரைன் எண்டு ஊருக்கு ஊர் சங்கங்கள் இருக்கு: மேசைப்பந்து, கரப்பந்தாட்டம், நடைப்பயணம், சதுரங்கம், பாட்டுக்குழு, தோட்டம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்டை எடுங்கோ. புதுசாகப் பழகுறதெண்டால் விளையாட்டும் மொழியும் இரண்டும் சேர்ந்து கஷ்டப்படுத்தும். முதல் ஒண்டு ரெண்டு தரம் 'ப்ரோபட்ரைனிங்' எண்டு காசில்லாமல் போகலாம். சந்தா பெரும்பாலும் வருசக் கணக்கு, விலகுறதுக்குக் கடைசித் திகதி இருக்கும், சேரேக்கயே வாசியுங்கோ. விளையாட்டு முடிஞ்சு எல்லாரும் இருந்து ஒண்டு குடிப்பினம். பியர் வேண்டாமெண்டால் ஆப்பிள் ஷோர்லே எடுங்கோ, ஒருதரும் ஒண்டும் சொல்லாயினம். ஆனால் எழும்பிப் போயிடாதேங்கோ, கதை முழுக்க அந்த அரை மணித்தியாலத்திலதான். மேசை அடுக்கவும் கோடை விழாவுக்கு இறைச்சி வாட்டவும் ஆள் கேட்டால் முதல் ஆளாகக் கை தூக்குங்கோ.

கிரிக்கெட் ஆடுவீங்களெண்டால் ஜேர்மன் கிரிக்கெட் சம்மேளனத்தின்ர பக்கத்தில சங்கங்களின்ர பட்டியல் இருக்கு. பெரும்பாலும் இந்திய, பாகிஸ்தான், ஆப்கான், இலங்கை ஆக்கள். மனசுக்கு நல்லது, டொச்சுக்கு உதவாது.

மொழிக்கு ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எண்ட நகரசபை வகுப்பு ஆக மலிவு. பின்னேர வகுப்பில உங்களைப்போல வந்த ஆக்கள்தான் இருப்பினம். முதல் சிநேகிதர் அங்கதான் கிடைப்பினம், அவையும் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பினம். ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஸ்டைன்ஸ்ட்ராஸேயில அவுஸ்லாண்ட்ஸ்கெசெல்ஷாஃப்ட் எண்டு ஒரு நிறுவனம் டொச் வகுப்பும் பொதுக் கூட்டங்களும் நடத்துது, அதையும் பாருங்கோ. நகர நூலகம் நிலையத்துக்கு முன்னாலயே இருக்கு. வேலை இல்லாத பகலில அறைக்குள்ள கிடக்காமல் அங்க போயிருந்து விண்ணப்பம் எழுதுங்கோ. நவம்பரில நாலரைக்கே இருட்டிடும், ஒரு நாள் முழுக்க மனுசர் முகம் பார்க்காமல் இருந்தால் அது ஆளை விழுத்தும்.

பந்து விளையாட்டு விளங்காட்டியும் பரவாயில்லை, டோர்ட்முண்டில மஞ்சள் கறுப்பைப் பற்றி, அதுதான் ஊர் உதைபந்தாட்ட அணி, நாலு வசனம் தெரிஞ்சிருக்கவேணும். எதிரணி ஷால்கேயின்ர நீல வெள்ளைச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு திரியாதேங்கோ.

---

மூன்றாம்மாடி:

பகுதிநேர வேலை: கார்டில் வாரத்துக்கு சராசரி 20 மணி நேரம் வரை அனுமதி. எந்த வேலையும் செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 12.82, 2026 ஜனவரியிலிருந்து 13.90 யூரோ. டெலிவரி பார்க்கலாம், ஆனால் அதைவிட ஏதாவது கிடங்கிலோ பட்டறையிலோ சேர்ந்தால் நாள் முழுக்க ஜெர்மன் காதில் விழும்.

கவனிக்க வேண்டியது காப்பீடு. மாதச் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருந்தால் அது மினிஜாப், 2025-ல் வரம்பு 556 யூரோ. மினிஜாபில் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. சம்பளச் சீட்டு வருகிறதே, காப்பீடும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஊரிலிருந்து எடுத்துப்போன தனியார் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கை முறிந்தால் முழுத் தொகையும் தலையில் விழும். வரம்பைத் தாண்டிச் சம்பாதித்தால் டி.கே, ஏ.ஓ.கே, பார்மர் போன்ற அரசுக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும், அது உங்களுக்கு நல்லதுதான். ஆகவே வாரம் 8 மணி நேரத்தைவிட 15 மணி நேர வேலை மேல்.

மனைவி: கார்டு காலத்தில் அழைத்துக்கொள்ளும் கணக்கில் திட்டம் போடாதீர்கள். ப்ளூ கார்டுக்கு மாறிய பிறகு வழி எளிது. அவருக்கு ஏ1 மொழிச் சான்று கட்டாயமில்லை, வந்த நாளிலிருந்தே எந்த வேலையும் செய்யலாம். திருமணப் பதிவுச் சான்றை இப்போதே வாங்கித் தயாராக வையுங்கள். அதில் உள்ள பெயர் எழுத்துகள் இருவர் பாஸ்போர்ட்டோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

---

அளவுகோல்:

மனைவி கணக்குப் பிரிவு என்றால் ஒரு வார்த்தை. சான்று கட்டாயமில்லை என்பதற்காக மொழியை விட்டுவிடச் சொல்லாதீர்கள். அங்கே கணக்கு வேலை ஜெர்மன் வரிச் சட்டத்தோடு பின்னியது, மென்பொருளே டாட்டெவ் என்று வேறு. பி2 இல்லாமல் கதவு திறக்காது. நீங்கள் பி1 படிக்கும்போதே அவரும் ஏ1 தொடங்கட்டும். வீட்டில் இருவர் பேசிப் பழகினால் உங்களுக்கும் சீக்கிரம் வரும்.

வேலை கிடைத்ததும் கார்டு முடியும்வரை காத்திருக்காமல், ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே ஆஸ்லெண்டர்பெஹோர்டேவுக்கு எழுதுங்கள். அந்த வெளிநாட்டவர் அலுவலகங்களில் நேர ஒதுக்கீடு கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். பழைய அனுமதி காலாவதியாவதற்கு முன் விண்ணப்பம் பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இடைக்காலத்தில் 'ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங்' என்ற தாள் தருவார்கள். முழுநேர வேலையைத் தொடங்கும் முன் அந்தத் தாளில் வேலை அனுமதி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்து, கம்பெனியின் பணியாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். வேலை தொடங்கும் தேதியை ஒப்பந்தத்தில் போடும்போதே ஆறு முதல் எட்டு வாரம் தள்ளிப் போடச் சொன்னால் இந்த இடைவெளியே வராது.